பத்தமடைப் பாயின் நெசவு நகத்தில்: வீட்டில் செய்த புடைப்பு ஜெல் வேலைப்பாடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் வைகாசி முகூர்த்தம் குறித்திருந்த ஒரு மணப்பெண், நகங்களில் புடைப்பாகத் தெரியும் ஜெல் (ஒளி காட்டி இறுகவைக்கும் நகப்பூச்சு) வேலைப்பாட்டை வீட்டிலேயே செய்துகொள்ள முற்பட்டதும், முதலில் செய்தது ஒரு வாரத்துக்குள் கெட்டுப்போனதும், முகூர்த்தத்துக்கு முன் வேறு வழியில் அதே வேலைப்பாடு நன்றாக அமைந்ததும் இந்த ஆய்வின் பொருள். அழகுக்கலை கற்பிக்கும் தொழிலில் இருப்பதால், கெட்டுப்போன நகங்களைப் பரிசோதிக்கவும், இரண்டாம் முறை செய்தபோது உடனிருந்து செய்யவும் எனக்கு வாய்த்தது. வீட்டில் ஜெல் வேலை பழகுகிறவர்கள் என்னிடம் வடிவத்தைப் பற்றித்தான் கேட்கிறார்களே தவிர, அந்த வடிவத்தின் கனத்தைப் பற்றிக் கேட்பதில்லை. இந்த நிகழ்வில் நேர்ந்த கேடுகளில் பெரும்பாலானவை அந்தக் கனத்திலிருந்தே பிறந்தன என்பதால்தான் இதை விரிவாகப் பதிவு செய்கிறேன். குடும்பத்தார் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

மணப்பெண்ணின் ஆச்சிக்குப் பிறந்த ஊர் பத்தமடை. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில், சேரன்மகாதேவிக்கு முன்னால் வரும் அவ்வூரில் கோரையைக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, மறுபடியும் மெல்லிய இழைகளாகப் பிரித்து, பருத்தி நூலைப் பாவாகவும் (நீளவாட்டு இழை) கோரை இழையை ஊடையாகவும் (குறுக்கு இழை) கொடுத்துப் பாய் நெய்கிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பாயில் மணமக்களின் பெயர்களையும் திருமண நாளையும் நெய்து வாங்குவது இப்பகுதியில் நெடுநாளைய வழக்கம். பேத்திக்கும் அப்படி ஒரு பாய்க்கு ஆச்சி சொல்லியிருந்தார். வெளிர் வைக்கோல் நிறத் தரையும், இரு முனைகளிலும் அரக்கும் கறுப்புமான பட்டைகளும் கொண்ட அந்தப் பாயின் நெசவு, விரலால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு நகத்திலும் வரவேண்டும் என்பதே மணப்பெண்ணின் ஆசை. நகப்பூச்சு விளம்பரங்களில் வரும் கம்பளிப் பின்னல், முதலைத் தோல், நீர்த்துளி முதலிய வடிவங்களைக் காட்டிலும் இது எனக்கு உயர்வாகப் பட்டது. சொந்த ஊரின் கைவேலையை அணிய விரும்பும் பெண்ணுக்கு உதவுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

முதல் முறை நடந்தது

வேலையைச் செய்தவர் மணப்பெண்ணின் சித்தி மகள். இணையத்தில் வாங்கிய ஒரு பெட்டியில் பேஸ் கோட் (அடிப்பூச்சு), டாப் கோட் (மேற்பூச்சு), சில வண்ண ஜெல்கள், புடைப்பு வேலைக்கான வெள்ளை நிறக் கெட்டி ஜெல் ஒரு டப்பா, ஜெல்லை இறுகவைக்கும் ஒளியைத் தர, செல்போன் சார்ஜரில் இணைக்கும் சிறிய மடக்கு லேம்ப் ஆகியவை இருந்தன. இயற்கை நகத்தின் மேல் பேஸ் கோட்டும் வைக்கோல் நிறமும் பூசி இறுகவைத்த பிறகு, நெசவு இழைகளைக் கெட்டி ஜெல்லால் ஒரே தடவையில் நெருக்கமாக இழுத்து, இழைகள் ஒன்றோடொன்று கலந்த இடங்களில் மேலும் ஜெல் வைத்து மேடாக்கி, ஐந்து விரலையும் சேர்த்து லேம்புக்குள் வைத்திருக்கிறார். உள்ளே வைத்த சில நொடிகளில் நகம் சுட்டதாகவும், கையை வெளியே எடுத்து ஊதிவிட்டு மறுபடி வைத்ததாகவும் மணப்பெண் சொன்னார். தோலில் வழிந்த ஜெல்லைச் சித்தி மகள் தன் வெறும் விரலால் துடைத்திருக்கிறார்.

நான் பார்த்தபோது புடைப்பு இழைகள் வெளிப்பார்வைக்குத் திடமாகத்தான் இருந்தன. நக முனையால் அழுத்தினால் மட்டும் மோதிர விரலின் மேடு உள்வாங்கியது. ஒன்றைக் கீறிப் பார்த்தபோது, மேலே சிவந்து வெந்து நடுவில் மாவாகவே இருக்கும் பணியாரத்தைப் போல, உள்ளே பிசுபிசுப்பான வெள்ளைக் குழம்பு இருந்தது. கட்டைவிரல்களில் ஜெல் பக்கவாட்டில் கிளம்பிவிட்டிருந்தது. சிறுவிரலில் கிளம்பிய ஜெல்லை மணப்பெண் அதற்கு முன்பே பிய்த்து எடுத்திருந்ததால், அந்த நகத்தின் மேலேடு உரிந்து வெள்ளைத் திட்டுகளாகத் தெரிந்தது. இழைகளுக்கு இடையிலிருந்த பள்ளங்களில் மஞ்சள் படிந்து, கழுவினாலும் போகாமல் நின்றது. அவர் அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “சோறு பிசையும்போது இடுக்குல எல்லாம் மாட்டிக்கிடும்லா? நான் அன்னைக்கே சொன்னேன்.” தொழில்முறையில் இந்த வாக்கியத்தை நான் முக்கியமான குறிப்பாக எடுத்துக்கொண்டேன், பின்னால் இதற்கு வருகிறேன்.

ஏன் கெட்டது

ஜெல் என்பது காய்ந்து கெட்டியாகும் பொருள் அன்று. சாதாரண நகப்பூச்சில் கரைப்பான் ஆவியாகிப் போனதும் பூச்சு காய்கிறது; ஜெல்லில் அக்ரிலேட், மெத்தக்ரிலேட் வகை மூலக்கூறுகள் ஒளிபட்டதும் ஒன்றோடொன்று சங்கிலியாகப் பிணைந்து இறுகுகின்றன. பல் மருத்துவர் நீல ஒளி காட்டிப் பல்லடைப்பை இறுகவைப்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வேதிவினைதான். அந்தப் பிணைப்பைத் தொடங்கிவைக்கும் பொருள் ஜெல்லுக்குள் கலந்திருக்கிறது. அது குறிப்பிட்ட அலைநீளத்தில், பெரும்பாலும் 365 நானோமீட்டரிலோ 395 முதல் 405 நானோமீட்டர் வரையிலோ, போதிய ஒளி வந்து சேர்ந்தால்தான் வேலை செய்யும். ஆகவே ஜெல்லின் மேற்பரப்பு எவ்வளவு நேரம் லேம்புக்குள் இருந்தது என்பதைவிட, அதன் அடிப்பகுதிக்கு எவ்வளவு ஒளி போய்ச் சேர்ந்தது என்பதே கேள்வி. லேம்பின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண் மின்சாரச் செலவைத்தான் குறிக்கும். நகத்தின் மேல் விழும் ஒளியின் அளவை அது சொல்லாது.

இங்கே மூன்று தடைகள் ஒன்றுசேர்ந்தன. இழை தடிமனாக இருந்தது முதல் தடை. அதைவிடப் பெரிய தடை, அந்த ஜெல் வெள்ளையாக இருந்தது. வெள்ளை நிறத்துக்குச் சேர்க்கப்படும் டைட்டானியம் டையாக்சைடு ஒளியைச் சிதறடிப்பதோடு புற ஊதாக் கதிரை உறிஞ்சவும் செய்யும். வெயில் காப்புக் களிம்புகளில் அதைச் சேர்ப்பதே அதற்காகத்தான். மேடான வெள்ளை இழையின் தோல் மட்டும் இறுகி, அந்தத் தோலே உள்ளே ஒளி போகாமல் மறைத்துவிட்டது. மூன்றாவது, லேம்பின் சிறுமை. ஐந்து விரலையும் ஒன்றாக வைக்கும்போது கட்டைவிரல் பக்கவாட்டில் சாய்ந்துவிடுவதால் அதன் நகத்தின் மேல் ஒளி நேராக விழுவதில்லை. கட்டைவிரல்கள் முதலில் கிளம்பியதற்கு இதுவே காரணம். கட்டைவிரலைத் தனியாக, நகம் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து இறுகவைப்பதே முறை.

சூடு பட்டதும் இந்தக் கனத்தால்தான். மூலக்கூறுகள் பிணையும்போது வெப்பம் வெளிப்படும். மெல்லிய பூச்சில் அது உணரவே படாது, தடிமனான பூச்சில் ஒரே சமயத்தில் பெருமளவு பிணைப்பு நடப்பதால் நகக்கண்ணைச் சுடும். சூடு பொறுத்துக்கொள்ள வேண்டிய ஒன்றென்று சிலர் நினைக்கிறார்கள். அது பூச்சு தடிமனாகிவிட்டது என்பதற்கான அறிவிப்பு, அவ்வளவே.

செய்தவரின் விரல்கள்

மணப்பெண்ணின் நகத்தை நான் பார்த்துக்கொண்டிருக்கையில், சித்தி மகள் தயங்கித் தன் கையை நீட்டினார். “அக்கா, எனக்கு இங்க தோலு உரிஞ்சு உரிஞ்சு வருது. ராத்திரில ஒரே அரிப்பு. பாத்திரம் வெளக்குற சோப்புன்னு நெனச்சேன்.” வலக்கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல் ஆகிய இரண்டின் நுனியிலும் தோல் சிவந்து, வறண்டு, சிறு வெடிப்புகளோடு இருந்தது. வழிந்த ஜெல்லைத் துடைத்த விரல்கள் அவை. அதற்கு முன்பும் தோழிகளுக்குப் பலமுறை செய்துவிட்டிருக்கிறார், ஒவ்வொரு முறையும் வெறும் கையால்.

அவரை உடனே தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் வைத்திருந்து பார்க்கும் ஒட்டுச் சோதனையில், மெத்தக்ரிலேட் ஒவ்வாமை உறுதியானது. இந்த ஒவ்வாமையின் கடுமை, அது ஒருமுறை உண்டாகிவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்காது என்பதில் இருக்கிறது. இறுகிய ஜெல் அநேகமாகத் தீங்கு செய்வதில்லை. இறுகாத ஜெல் தோலில் படுவதே வினை. ஜெல்களில் பரவலாகச் சேர்க்கப்படும் ஹெமா என்ற மெத்தக்ரிலேட் சிறிய மூலக்கூறாக இருப்பதால் தோலுக்குள் எளிதில் ஊடுருவும். ஐரோப்பிய ஒன்றியம் 2020இல் கொண்டுவந்த விதியின்படி அது கலந்த நகப்பொருள்களைத் தொழில்முறையாளர்கள் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பிரிட்டிஷ் தோல் மருத்துவர் சங்கம் 2018இலேயே வீட்டில் செய்துகொள்ளும் ஜெல் பெட்டிகளைக் குறிப்பிட்டு எச்சரித்தது. பல்லடைப்புப் பொருளிலும் எலும்பு அறுவைச் சிகிச்சையில் பயன்படும் சிமெண்டிலும் இதே குடும்பப் பொருள்கள் இருப்பதால், இனி எந்தப் பல் மருத்துவரிடம் போனாலும் இந்த ஒவ்வாமையை முதலில் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு அறிவுறுத்தப்பட்டது. நகத்தில் வரையும் ஒரு பொழுதுபோக்கு, பல்லடைப்பு வரைக்கும் வந்து நிற்கும் என்று அந்த இருபது வயதுப் பெண்ணிடம் யாரும் சொல்லவில்லை. பெட்டியின் மேல் எழுதியிருந்த எச்சரிக்கை, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய அளவில் இருந்தது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

இரண்டாம் முறை: விரலுக்கு வெளியே

மணப்பெண்ணின் தோலில் ஒவ்வாமைக்கு அறிகுறி இல்லை. ஆயினும் பிய்த்ததால் மெலிந்த நகத்தின் மேல் மறுபடியும் ஜெல் ஏற்ற நான் சம்மதிக்கவில்லை. கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்கிறது; உரிந்த ஏடு முழுவதும் வளர்ந்து வெளியேற ஆறு மாதம் ஆகும். எஞ்சியிருந்த ஜெல்லை, மேற்பரப்பை அரத்தால் தேய்த்துவிட்டு, அசிட்டோனில் நனைத்த பஞ்சை வைத்துத் தகட்டுத்தாள் சுற்றி, கால் மணி நேரம் ஊறவைத்து, தானாகக் கழன்றதை மட்டும் நீக்கினோம். புதிய வேலைப்பாட்டை முழுநக அளவுள்ள ஒளிபுகும் செயற்கை டிப்களின் மேல், விரலுக்கு வெளியே வைத்துச் செய்து, முகூர்த்தத்தன்று ஒட்டிக்கொள்வது என்று முடிவாயிற்று.

இந்த முடிவினால் பல தொல்லைகள் ஒருசேர நீங்கின. எவ்வளவு சூடானாலும் சுடுவதற்கு நகக்கண் அங்கே இல்லை. லேம்புக்குள் கை போவதில்லை. நகம் உலர்த்தும் புற ஊதா விளக்குகள் செல்களின் மரபணுவைச் சேதப்படுத்துவதாகக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2023இல் ஆய்வகச் செல்களில் கண்டறிந்தார்கள் என்பதால், அடிக்கடி செய்துகொள்கிறவர்களுக்கு இது சிறு பொருட்டல்ல. ஒளிபுகும் டிப்பைக் கவிழ்த்து வைத்து, நிறம் பூசுவதற்கு முன்னால், அடிப்பக்கத்திலிருந்தும் பேஸ் கோட்டை இறுகவைக்க முடிகிறது. சாப்பிடும்போது கழற்றி வைக்கலாம் என்பதால் அம்மாவின் கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது.

டிப்பின் அளவு எடுப்பதில் பொறுமை வேண்டும். ஒவ்வொரு நகத்தின் அகலத்தையும் தனித்தனியே அளந்தோம். இரண்டு கையின் ஒரே விரல்களுக்குக்கூட அளவு வேறுபட்டது. குறுகலான டிப் நகத்தை இறுக்கித் தெறித்துவிடும் என்பதால், சந்தேகம் வந்தால் சற்று அகலமானதை எடுத்து ஓரத்தை அரத்தால் தேய்த்துக்கொள்வது நல்லது.

நெசவின் செய்முறையே இந்த ஆய்வின் மையம். வைக்கோல் நிறத்தை மெல்லியதாக இரண்டு முறை பூசி, ஒவ்வொன்றையும் தனியாக இறுகவைத்தோம். புடைப்பு இழைகளுக்கு வெள்ளை ஜெல்லை முற்றிலும் விலக்கிவிட்டு, நிறமற்ற கெட்டி ஜெல்லை எடுத்துக்கொண்டோம். மேட்டின் உடம்பு ஒளிபுகும் ஜெல்லாக இருக்க வேண்டும், நிறம் அதன் மேல் மெல்லிய போர்வையாக மட்டும் வரவேண்டும் என்பதே இங்கே கடைப்பிடித்த விதி. அடிவரை ஒளி போவதற்கு இதைவிட எளிய உபாயத்தை நான் அறியேன். மெல்லிய லைனர் பிரஷ்ஷின் நுனியில் சிறு மணியளவு ஜெல்லை எடுத்து, பிரஷ்ஷைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, டிப்பின் குறுக்கே இழுத்தால் ஜெல் தன் கனத்திலேயே உருண்ட இழையாக உட்காரும். ஒரு வரி விட்டு ஒரு வரியாக இழுத்துப் பத்து நொடி லேம்பில் காட்டி நிறுத்திய பிறகே இடைப்பட்ட வரிகளை இழுத்தோம். பக்கத்து இழை ஈரமாக இல்லாததால் இரண்டும் கலக்கவில்லை. பள்ளம் பள்ளமாகவே நின்றது. பிறகு முழு நேரம் இறுகவைத்து, அதே இழைகளின் மேல் இன்னொரு மெல்லிய சுற்று. உயரம் அரை மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. கண்ணுக்கும் விரலுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. பாவு நூல் அழுத்தும் இடங்களைக் காட்ட, இறுகாத இழையின் மேல் ஊசியின் பக்கவாட்டால் மெதுவாக அழுத்தி, உடனே லேம்பில் காட்டினோம். ஆச்சி அந்த அழுத்தத்தைத்தான் முதலில் பார்த்தார். பாயில் அது எங்கே விழும் என்று தன் நகத்தாலேயே மேசை மேல் கீறிக் காட்டித் திருத்தியும் கொடுத்தார்.

நெல்லைக் கோடையில் ஜெல் இளகி ஓடும். டப்பாவைக் குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, விடிகாலையில், ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து வேலை செய்தோம். வெயில் படும் இடத்தில் வைத்தால் பிரஷ்ஷிலேயே ஜெல் இறுகிவிடும். நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை அணிந்து, அவ்வப்போது மாற்றினோம்; இயற்கை ரப்பர் கையுறை அக்ரிலேட்டைத் தடுக்காது. நைட்ரைலும் சிறிது நேரத்தில் விட்டுக்கொடுக்கும் என்பதால்தான் அந்த மாற்றம்.

காற்றிலுள்ள ஆக்சிஜன் மேற்பரப்பில் பிணைப்பைத் தடுப்பதால், இறுகிய ஜெல்லின் மேலும் ஒரு பிசுக்கு ஏடு எஞ்சும். தட்டையான நகத்தில் அதைத் துடைப்பது எளிது. புடைப்பு வேலையில் அது பள்ளங்களில் தங்கிவிடும். பஞ்சால் துடைத்தால் நார் ஒட்டிக்கொள்ளும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த குட்டை மயிர்ப் பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளத்தையும் தேய்த்து, நார் விடாத துணியில் ஒற்றி எடுத்தோம்.

நிறமும் அழகும்

மண்டபத்து வீடியோ விளக்கு நேர் எதிரிலிருந்து விழுவதால் புடைப்பின் நிழல் மறைந்து, நகம் தட்டையாகத் தெரியும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரிந்த குறை. அதற்காகப் பழுப்பு ஜெல்லைப் பள்ளங்களுக்குள் ஓடவிட்டு, மேடுகளின் மேலிருந்ததைத் துடைத்துவிட்டு இறுகவைத்தோம்; நிழல் நிலையாகவே அமைந்துவிட்டது. நெசவு எல்லா விரலுக்கும் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். மோதிர விரலுக்கும் கட்டைவிரலுக்கும் முழு நெசவு, மற்றவற்றுக்குத் தட்டையான வைக்கோல் நிறமும் முனையில் முகூர்த்தப் பட்டின் அரக்கில் ஒரு பட்டையும் என்று பிரித்ததால், நெசவு நெசவாகக் கண்ணில் பட்டது.

மேற்பூச்சைத் தீர்மானிக்க மிச்சமிருந்த டிப்களில் ஒரு சோதனை செய்தோம். ஒன்றில் மேட் (பளபளப்பற்ற) டாப் கோட், ஒன்றில் பளபளப்பான டாப் கோட் பூசி, இரண்டிலும் குழைத்த மஞ்சளை அப்பி உலரவிட்டுக் கழுவினோம். மேட் பூச்சு மஞ்சளைப் பிடித்துக்கொண்டது. பளபளப்பானதில் ஓரங்களில் மட்டும் லேசான சாயல் நின்றது. மஞ்சளேறிய டிப்பை மொட்டைமாடி வெயிலில் போட்டுவைத்தபோது நிறம் வெளிறியது. மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் ஒளியில் சிதையும் தன்மையுடையது. நலங்கு மஞ்சளும் குங்குமமும் தப்பாமல் படும் கைக்கு மேட் பூச்சு ஆகாது என்று தெளிந்து, பளபளப்பானதையே, பிரஷ்ஷை நன்றாக வழித்துவிட்டு மிக மெல்லியதாகப் பூசினோம். தாராளமாகப் பூசியிருந்தால் பள்ளங்கள் நிரம்பி, அத்தனை உழைப்பும் மூடிப்போயிருக்கும். கடைசியாக ஒரு பழைய பட்டுத் துணியை ஒவ்வொரு டிப்பின் மேலும் இழுத்துப் பார்த்து, நூல் மாட்டிய இடங்களை அரத்தால் மழுக்கினோம்; சேலை மடிப்பில் ஒரு சரிகை இழை மாட்டினாலும் போதும், இரண்டும் கெடும்.

முகூர்த்தமும் பிறகும்

முந்தின நாள் வைத்த மருதாணிக்கு எண்ணெய் தடவியிருந்ததால், அன்று அதிகாலையில் நகங்களை மட்டும் ஆல்கஹாலால் துடைத்து, ஒட்டுப்பட்டை கொண்டு டிப்களைப் பொருத்தினோம். வலக்கைக் கட்டைவிரல் டிப் மாலை மாற்றுவதற்கு முன் ஒருமுறை கழன்றது; தலைமுடியைச் சரிசெய்தபோது தேங்காய் எண்ணெய் பட்டிருந்தது காரணம். கைவசமிருந்த புதிய பட்டையால் மறுபடி ஒட்டியது கடைசிவரை நின்றது. பந்தியில் உட்கார்ந்தபோது கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டு மணப்பெண் நிம்மதியாகச் சாப்பிட்டார். மறுவீட்டுச் சொதி விருந்துக்கும் அப்படியே. புடைப்புகளில் ஒன்றும் உள்வாங்கவில்லை, நிறமும் மாறவில்லை. அவருடைய சொந்த நகங்களின் வெள்ளைத் திட்டுகள் அடுத்த மாதங்களில் வளர்ந்து நுனிக்கு நகர்ந்து வெட்டுப்பட்டன.

சித்தி மகள் ஜெல்லைத் தொடுவதில்லை. விரல் நுனிகள் மருந்தாலும் விலகலாலும் ஆறிவிட்டன. கோடு இழுப்பதில் அவருக்குக் கை நன்றாக ஓடும் என்பதால், லேம்ப் தேவைப்படாத சாதாரண நகப்பூச்சைக் கொண்டு தட்டையான பாய்ப் பட்டைகளை டிப்களில் வரைந்து பழகுகிறார். முதலில் மருத்துவரிடம் பெட்டியின் உள்ளடக்கப் பட்டியலைக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே தொடங்கினார்.

வேலை முடிந்ததும் மிஞ்சிய ஜெல் படிந்த துணி, கையுறை, பிரஷ் துடைத்த தாள் ஆகியவற்றை அப்படியே குப்பையில் போடவில்லை. எல்லாவற்றையும் ஒரு தட்டில் பரப்பி, நேர்வெயிலில் வைத்து நன்றாக இறுகிய பிறகே கட்டிக் கொடுத்தோம். அந்த இறுகாத ஜெல் சித்தி மகளின் விரலுக்குச் செய்ததை, வீடு வீடாக வந்து குப்பையைக் கையால் பிரித்தெடுக்கும் துப்புரவுப் பணியாளரின் விரலுக்கும் செய்யும்.